முந்தி வந்த பதில்

சிப்பிக்கூடத் தெருவில் பதில்கள் கேள்விகளுக்கு முன்னால் வரத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் கறிக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்த வேளையில், இன்னாசி மச்சாது தன் வீட்டுக் கொட்டகையில் பழைய பியட் காருக்கு டைமிங் வைத்து முடித்துச் சாவியைத் திருகியபோது. நான் மெட்டில்டா, அந்தக் கொட்டகைக்கு நேர் எதிர் வீட்டில் ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், எல்லாவற்றையும் பார்த்தவள், பார்த்ததோடு நிற்காமல் வாயையும் கொடுத்தவள். தூத்துக்குடியில் வேறு தெருக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் தெருவில் நடக்கவில்லை, எங்கள் தெருவில் நடந்தது.

மச்சாது அண்ணன் துறைமுகத்தில் எடைமேடை பார்க்கிறவர். முப்பது வருசமாக லாரி ஏறுவதையும் முள் ஆடுவதையும் பார்த்துப் பார்த்து, லாரி தூரத்தில் வரும்போதே இத்தனை டன் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார், அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. பெண்டாட்டி செத்து பத்து வருசம். ஒரே மகள் டெல்பின், பிசிக்ஸ் படித்து பி.எட். முடித்தவள், தகப்பனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்ததும் அண்ணன் தெருவில் நின்று சொன்னார், "எம் மவ கோயிலுக்கு வாடகைக் கார்லயா போவா? எங் கார்லதான் போவா." அந்தக் கார் ஐந்து வருசமாகத் தார்ப்பாயின் கீழ் கிடந்தது, பின் சீட்டில் எங்கள் வீட்டுக் கோழி முட்டை இட்டுக்கொண்டிருந்தது. கோழியை விரட்டினார், கார்புரேட்டரைக் கழுவினார், பிளக் நாலும் புதிதாக மாட்டினார், பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கடைசியாக மிச்சம் இருந்தது டைமிங்.

அதை அப்பாவும் மகளும் சேர்ந்துதான் வைத்தார்கள். இரண்டு ஒயர் கோத்த சின்ன பல்பை டெல்பின் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற கறுப்பு மூடி போட்ட குடுவையை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் என்று திருப்புவார், பல்பு எந்த இடத்தில் கண்ணைத் திறக்கிறதோ அந்த இடத்தில்தான் எஞ்சினுக்குள் பொறி விழும். எதுக்குடி இந்தப் பாடு என்று நான் ஜன்னல் வழியே கேட்டதற்கு டெல்பின் சொன்னாள், "பிஸ்டன் மேல வந்து சேந்த பொறவு நெருப்பு வெச்சா லேட்டுக்கா. அது வந்துகிட்டு இருக்கும்போதே, பத்து டிகிரி முன்னாடி வெச்சிரணும். நெருப்பு பரவுததுக்கும் நேரம் வேணும்லா." டீச்சர் மாதிரிச் சொன்னாள், கையில் சாக்பீஸ் இல்லாததுதான் குறை.

ஆனால் அந்தப் பத்து டிகிரியைக் காட்டும் அடையாளக் கோடு எஞ்சின் முன்னால் இருக்கிற சக்கரத்தில் இல்லை. எங்கள் ஊர் உப்புக்காற்று கதவுக் கீலைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், கோயில் மணியின் நாக்கையே பாதி தின்றிருக்கிறது, அந்தக் கோட்டையா விட்டுவைக்கும்? "காசி அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்புல ஒருக்கா காட்டிருவோம்பா" என்று டெல்பின் சொன்னாள். "எங் கண்ணவிட அவன் கண்ணு என்ன ஒசத்தியா?" என்று அண்ணன் அரத்தை எடுத்து, கண் மதிப்பில், தன் ஞாபகத்தில் இருந்த இடத்தில் ஒரு புதுக் கோடு ராவினார். அந்தக் கோட்டுக்கு பல்பு எரிந்தது, போல்ட்டை முறுக்கினார், சாவியைத் திருகினார், வண்டி ஒரு உதறு உதறிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

"ஓடிருச்சு மெட்டில்டா, ஓடிருச்சு" என்று அவர் கத்தினார். அதற்குப் பிறகுதான் நான் "ஓடிருச்சாண்ணே?" என்று கேட்டேன். கேட்டபின் எனக்கே என்னமோ போல் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அது பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயிலிருந்து மாதா சிலை வைத்த கெபி வரைக்கும், அந்த வண்டியின் சத்தம் எட்டும் தூரம் வரைக்கும், பின்னால் வரவேண்டியது முன்னால் வந்தது. நாய் குரைத்து முடித்த பிறகு தபால்காரர் முனை திரும்பினார். மீன்காரி கூடையை இறக்கும் முன்பே "இன்னைக்கு வேண்டாம்" என்று உள்ளேயிருந்து குரல் போனது, அவள் கூடையை இறக்காமலே அடுத்த தெருவுக்கு நடந்தாள், கழுத்துவலி குறைந்தது என்று ஒரு வாரத்தில் சொன்னாள். எதிர் வரிசையில் புருசனும் பெண்டாட்டியும் "சரி விடு, எம் மேலதான் தப்பு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு, எதற்கென்று தெரியாமல் நின்றுவிட்டு, அப்புறம் சண்டை போட மனசு வராமல் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் விழும் முன்பே அழுதன, அழுகுரல் கேட்டுத் தாய்மார் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள், அந்த மாதங்கள் முழுக்கச் சிப்பிக்கூடத் தெருவில் ஒரு பிள்ளை முட்டியில் சிராய்ப்பு கிடையாது. எனக்கோ, மிஷின் ஊசி விரலில் ஏறும் முன்பே "எம்மா!" என்று வாய் கத்திவிடும், கையை எடுத்துக்கொள்வேன், ஊசி வெறும் துணியில் இறங்கும். இருபது வருசமாகக் குத்துப்பட்ட விரல் எனக்கு.

சனிக்கிழமை தோறும் கெபிக்கு முன்னால் பிளாஸ்டிக் சேர் போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் தார்சியுஸ் சாமிக்குத்தான் பெரிய சங்கடம். ஆள் வந்து முழங்காலில் நிற்பதற்குள் சாமியின் வாய், "பத்து அருள்நிறை மரியே சொல்லும்" என்று அபராதத்தைச் சொல்லிவிடும், ஆளும் எழுந்து போய்விடுவான். "பாவத்தைச் சொல்லிட்டுப் போரும்யா" என்று சாமி பின்னால் கூப்பிடுவார். "அதுக்கு உள்ளதத்தான் குடுத்துட்டியளே சாமி, இன்னும் எதுக்கு வாயால வேற சொல்லணும்?" என்பார்கள். அதில் நியாயம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. அப்படித்தான் தெருவில் ஒரு மரியாதை உண்டானது, யாரும் கூடிப் பேசி வைத்ததில்லை: பதில் வந்துவிட்டால் கேள்வியைக் கேட்கக் கூடாது, வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். பதில் வந்த பிறகும் நின்று கேட்கிறவன் நச்சரிக்கிறவன், பதில் சொன்ன பிறகு "நீ என்ன கேட்க வந்தே?" என்று தோண்டுகிறவன் நாகரிகம் இல்லாதவன். எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு பேச்சு மிச்சம் என்று நாங்கள் பூரித்துப் போனோம்.

இரண்டாவது வாரம் ஒர்க்‌ஷாப் காசி அண்ணாச்சி அந்த வழியாகப் போனவர், வண்டியின் சத்தத்தைக் கேட்டு நின்றார். அதற்குள் டக்டக்டக் என்று இரும்புக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. "ரொம்ப முன்னாடி கெடக்கு மச்சாது" என்றார். "நெருப்பு அவசரப்பட்டு விழுது. பிஸ்டன் தாங்காது, கொஞ்சம் பின்னாடி திருப்பி விடும்." அண்ணனும் நல்ல மனுசன், உடனே ஸ்பேனரை எடுத்தார்.

அப்போது, "திருப்பாதீங்கண்ணே!" என்று முதலில் கத்தியது நான்தான். என் விரலை நினைத்துக் கத்தினேன். பிறகு பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள், சண்டை நின்ற வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கூடையோடு மீன்காரியும் வந்தாள், கொட்டகையைச் சுற்றி நின்று, உங்களால்தான் இந்தத் தெரு நன்றாக இருக்கிறது, பிஸ்டன் போனால் வேறு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எடைமேடையில் லாரிக்காரர்களின் வசவை மட்டுமே வாங்கிப் பழகிய மனுசனுக்கு அது தலையில் ஏறிவிட்டது. ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். டெல்பின் மட்டும் கொட்டகை மூலையில் நின்று, "அது தப்பான எடத்துல இருக்குப்பா" என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், எங்கள் சத்தத்தில் அது எடுபடவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலை, அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஃபேன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். டெல்பின் காப்பி டம்ளரோடு வீட்டு வாசலில் இருந்து இறங்கி வந்தாள். அவள் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை, அதற்குள், குனிந்த தலையை நிமிர்த்தாமலே, அண்ணனின் வாய் சொன்னது: "முடியாது. முடியவே முடியாது. இனிமே இந்தப் பேச்சை எடுக்கப்படாது."

டெல்பின் நின்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு பார்த்தேன், கேட்க வாயெடுத்தவள் உதட்டை மூடிக்கொண்டாள். அண்ணன் தலையை எடுத்துத் திரும்பியபோது அவள் டம்ளரை மட்கார்டு மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள், முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் கொஞ்சம் திகைப்புதான். ஆனால் தெரு மரியாதை இருக்கிறதே, கூப்பிட்டுக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னொரு பட்டு வேணும்னு கேக்க வந்திருப்பா" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அதோடு போகவில்லை. மறுநாள் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க என் வீட்டுக்கு வந்தாள். டேப்பை அவள் தோளில் வைக்கிறேன், என் வாய் தன்பாட்டுக்குச் சொல்கிறது: "அத நீ அப்பாட்டதான் கேக்கணும் பிள்ளை, நான் என்னத்தச் சொல்ல?" அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் டேப்பை இடுப்புக்கு இறக்கி, முப்பது என்று நோட்டில் எழுதினேன். என்னடி, என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் எனக்கு? தாயில்லாப் பிள்ளை, தகப்பனிடம் பதில் வாங்கிவிட்டு என்னிடம் வந்தது, நான் மறுபடி தகப்பனிடமே அனுப்பினேன்.

கல்யாணத்தன்று அந்த வண்டி வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு டக்டக்டக் என்று தட்டிக்கொண்டே பனிமய மாதா கோயிலுக்குப் போனது, அண்ணன் ஓட்டினார், நான் டெல்பினோடு பின் சீட்டில் இருந்தேன். வழி நெடுக அவள் அழுதாள். முந்தானையால் நான் துடைக்கத் துடைக்க மை கரைந்து வந்தது. கோயில் வாசலில் அதைப் பார்த்தவர்கள் யாரும் பதறவில்லை, ஏனென்றால் எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியும், வீட்டைவிட்டுப் போகும்போது அழ வேண்டிய அழுகை முன்னாலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான். சாயங்காலம் அவளை வழியனுப்பும்போது அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எவ்வளவு தைரியமான பிள்ளை என்று பேசிக்கொண்டோம்.

அவள் மஸ்கட் போய் மூன்று மாதம் கழித்து மச்சாது அண்ணன் என் ஜன்னலில் வந்து நின்றார். சவரம் செய்து நாலு நாள் இருக்கும். "மெட்டில்டா, அன்னைக்கு அவ என்ன கேக்க வந்திருப்பா?" என்றார். தெருவில் அப்படிக் கேட்பது முறையில்லை என்பதால் குரலைத் தாழ்த்திக் கேட்டார். போனில் பேசுகிறாளாம், சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா, வெயில் எப்படி, இவ்வளவுதானாம். அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லையாம்.

"அத நீங்க சொல்லலண்ணே, வண்டி சொன்னது" என்றேன். தெருவில் எல்லாரும் அவரிடம் அப்படித்தான் சொன்னார்கள், தார்சியுஸ் சாமி உட்பட.

"வண்டி என்னத்தச் சொல்லும்? முன்னாடி கொண்டாந்துச்சு, அம்புட்டுதான்" என்றார். "கொண்டாந்தது எங்கிட்ட கெடந்ததத்தான். நான் எப்பவும் அப்பிடித்தான மெட்டில்டா. சைக்கிள் கேட்டா, முடியாதும்பேன். காலேஜுக்குப் போறேன்னா, முடியாதும்பேன். அவ போகாம நிப்பா. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பா. நானும் அவ மூஞ்சியப் பாப்பேன். பாத்துட்டு, சரி போன்னு சொல்லுவேன். இந்தவாட்டி அவ நிக்கல. நான் பாக்கல."

எனக்குத் தையல் ஓடவில்லை. கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். "என்ன சொல்லுவாளோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு காசி அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்பின் பழைய இரும்புக் குவியலில் இருந்து கோடு அழியாத ஒரு சக்கரத்தைத் தேடி வாங்கி வந்தார், தன் சக்கரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தன் கண் எவ்வளவு தூரம் தப்பியிருக்கிறது என்று விரலால் அளந்து, சரியான இடத்தில் இன்னொரு கோடு ராவினார். பல்பைப் பிடிக்க ஆள் இல்லை, பானெட் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். யாரையும் கேட்கவில்லை, நாங்களும் தடுக்கவில்லை. குடுவையைப் பின்னால் திருப்பி, சரியான கோட்டுக்கு பல்பு எரியவும் போல்ட்டை முறுக்கினார். டக்டக் சத்தம் நின்று, எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடியது. மறுநாள் என் விரலில் ஊசி ஏறியது, ஏறிய பிறகுதான் கத்தினேன். பிள்ளைகள் விழுந்துவிட்டு அழுதன, எதிர் வரிசையில் சட்டி பறந்தது, மீன்காரி ஒவ்வொரு வாசலிலும் கூடையை இறக்கி ஏற்றினாள், ஜனங்கள் ஒரு மாதம் மச்சாது அண்ணனைத் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. எதுதான் பழகாது எங்களுக்கு.

இரண்டு வருசம் கழித்து, ஒன்பது மாதக் கைப்பிள்ளையோடு டெல்பின் ஊருக்கு வந்தாள். வந்த மறுநாள் காலை நான் ஜன்னலைத் திறந்தால், அண்ணன் கொட்டகையில் குனிந்து நிற்கிறார், கையில் ஸ்பேனர். குடுவையை முன்னால் திருப்புகிறார், பழைய தப்பான கோட்டுக்கு. எஞ்சினைப் போட்டார், டக்டக்டக் என்று மறுபடி தட்டியது. எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கத் தைரியம் இல்லாத மனுசன், கேட்காமலே பதிலை வரவழைக்கப் பார்க்கிறார். ஏளனமாக நினைக்க முடியவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சத்தம் கேட்டு டெல்பின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். "ஏம்ப்பா இப்பிடித் தட்டுது?" என்று அவள் கேட்டிருக்க வேண்டும், அதற்குத்தான் வந்திருப்பாள், ஆனால் அவள் வாயில் இருந்து வந்தது வேறு:

"கல்யாணத்த ஒரு வருசம் தள்ளி வெக்கலாமான்னு கேக்க வந்தேம்ப்பா. ஒரு கான்வென்ட் ஸ்கூல்ல இருந்து பிசிக்ஸ் டீச்சரா வரச்சொல்லி லெட்டர் வந்திருந்துச்சு. ஒரே ஒரு வருசம் பாடம் நடத்திட்டுப் போயிருதேன்னு கேக்க வந்தேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மஸ்கட்டில் அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்து இருந்தன, எங்களுக்கு வெட்கம் கிடையாது. பதில் வந்துவிட்டது. எங்கள் முறைப்படி மச்சாது அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், மறுபடி பானெட்டுக்குள் குனிந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கழிவுத் துணியில் இரண்டு கையையும் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எஞ்சினை அணைத்தார். பிறகு நிமிர்ந்து, மகளுக்கு நேர் எதிரே நின்று, அந்தத் தெருவில் பதில் வந்த பிறகு யாரும் கேட்டிராத கேள்வியை, ஒரு வார்த்தை விடாமல், முழுசாகக் கேட்டார்.

"டெல்பின், அன்னைக்கு நீ காப்பி கொண்டு வந்தியே. அன்னைக்கு எங்கிட்ட என்னம்மா கேக்க வந்தே?"

அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அதனால் பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார், பிள்ளை அவள் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"சரிம்மா" என்றார் மச்சாது அண்ணன். "ஒரு வருசம் தள்ளி வெச்சுக்கிடலாம். மாப்பிள்ளை வீட்டுல நான் பேசிக்கிடுதேன்."

டெல்பின் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரிப்பா" என்றாள்.